வேலை விண்ணப்பத்தில் உண்மையும் மிகைப்படுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், மாலை வேளைகளில், வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்குப் படிவம் நிரப்பவும் சுயவிபரக் கோவை (சீவி) தயாரிக்கவும் உதவி வருகிறேன். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வேலை தேடும் பிள்ளைகள், பட்டம் பெற்று அரச நியமனத்துக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவர்கள், சுன்னாகத்திலோ திருநெல்வேலியிலோ கடையில் நின்றுகொண்டே வங்கி வேலைக்கு முயல்பவர்கள், கட்டாருக்குப் போகக் காசு திரட்டுபவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். எதைக் கூட்டலாம், எதை மறைக்கலாம், எது பொய்யாகும் என்பதில் அவர்களுக்கு இருக்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்து, என்னால் இயன்ற விடைகளை எழுதியிருக்கிறேன்.

சீவி எண்டாலே எங்களை உயர்த்திக் காட்டுறதுதானே? அப்ப பொய் எங்க தொடங்குது?

உங்களுடைய நல்ல பக்கத்தை முன்னால் வைப்பதில் எந்தப் பிழையும் இல்லை. எதை முதலில் எழுதுவது, எதை விரித்து எழுதுவது, எதை ஒரு வரியோடு விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை விண்ணப்பிப்பவருக்கு உண்டு. எங்கள் பிள்ளைகள் பலர் தம்மைப் பற்றி உள்ளதைச் சொல்வதற்கே கூச்சப்பட்டு, செய்த வேலையைக்கூட எழுதாமல் விடுகிறார்கள் என்பதுதான் நான் அதிகம் காணும் குறை. கஸ்தூரியார் வீதியில் ஒரு புடைவைக் கடையில் இரண்டு வருடம் நின்று, ஒவ்வொரு இரவும் கல்லாக் கணக்கை முடித்துக் கொடுத்த ஒருவர், “நாளாந்த விற்பனைக் கணக்கைப் பேணி, காசு இருப்பைச் சரிபார்த்து ஒப்படைத்தேன்” என்று தாராளமாக எழுதலாம், எழுத வேண்டும்.

அதே நபர் “கணக்காளர்” என்று எழுதினால் அங்கே பொய் தொடங்குகிறது. நீங்கள் எழுதிய வரியை வாசிப்பவர் உங்களைப் பற்றி எதை நம்புவார் என்று பாருங்கள்; அவர் நம்பப்போவது நடந்ததோடு ஒத்துப்போக வேண்டும். இதைச் சோதிப்பதற்கு நான் எல்லோருக்கும் ஒரே வழியைத்தான் சொல்கிறேன். நீங்கள் வேலை செய்ததை நேரில் கண்டவர், நேர்முகப் பரீட்சை நடக்கும் அறையில் உங்களுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, அந்த வரியை உரத்து வாசியுங்கள். தயங்காமல் வாசிக்க முடிந்தால் அது மிகைப்படுத்தல் ஆகாது.

எல்லாரும் கூட்டித்தான் எழுதுகினம். நான் மட்டும் உள்ளதை எழுதினால் நான்தானே பின்னுக்கு நிப்பன்?

இந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கும்போது, உண்மை எழுதியதால் பெயர்ப்பட்டியலில் வராமல் போகலாம் என்ற அச்சம் நியாயமானது. சில வேளைகளில் அப்படி நடக்கவும் செய்கிறது. உண்மை எழுதினால் வேலை நிச்சயம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆனால் “எல்லாரும்” என்பது யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கல்ல. கூட்டி எழுதிய சிலர் அதைப் பேசுகிறார்கள். உள்ளதை எழுதியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நீங்கள் நேர்மையாக எழுதியதால் பின்னுக்குப் போனால், உங்களைப் பின்னுக்குத் தள்ளியது பொய் எழுதிய இன்னொருவர். நீங்களும் பொய் எழுதினால், உங்களைப் போலவே உண்மை எழுதிய மூன்றாமவர் ஒருவருக்கு அதையே நீங்கள் செய்கிறீர்கள்.

ஒரு சின்னப் பொய்யால ஆருக்கு நட்டம்? கொம்பனிக்கு ஒண்டும் குறையாதே.

பெரும்பாலானோர் இதை நிறுவனத்துக்கும் தமக்கும் இடையிலான விடயமாகவே பார்க்கிறார்கள். நிறுவனம் பெரியது, தாம் சிறியவர், ஆகவே பாதகமில்லை என்று நினைக்கிறார்கள். ஒரு வெற்றிடத்துக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பொய்யால் நீங்கள் பெற்ற இடம், பொய் இல்லாவிட்டால் இன்னொருவருக்குப் போயிருக்கும். அவர் வடமராட்சியிலிருந்தோ தீவகத்திலிருந்தோ பஸ் ஏறி வந்து அதே வாங்கில் காத்திருந்தவர். அவருடைய வீட்டுக் கஷ்டமும் உங்கள் வீட்டுக் கஷ்டத்துக்குக் குறைந்ததாக இராது. தான் எதனால் தவறவிடப்பட்டார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. இந்தத் தொகுப்பில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: விண்ணப்பத்தில் உண்மை சொல்வது நீங்கள் முதலாளிக்கு மட்டும் செய்யும் கடமையல்ல; உங்களோடு வரிசையில் நிற்பவருக்கும் செய்யும் கடமை.

அடுத்து, உங்கள் வேலையை நம்பி இருக்கப்போகிறவர்கள். மின்னிணைப்பு வேலை தெரியும் என்று பொய் சொன்னவர் இணைத்த வீட்டில் ஒரு குடும்பம் படுத்துறங்குகிறது. முதியோரைப் பராமரித்த அனுபவம் உண்டு என்று எழுதியவரிடம், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, ஒரு தாயை விட்டுவிட்டுப் போகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வாகனத்தின் சாரதி, ஓடாத ஆண்டுகளை ஓடியதாக எழுதியிருந்தால், அதைச் சின்னப் பொய் என்று யார் சொல்வார்கள்?

சிங்களம் கொஞ்சம் விளங்கும், இங்கிலிஷ் வாசிப்பன். ‘மும்மொழியிலும் சரளம்’ எண்டு போடலாமோ?

வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நான் காணும் சுயவிபரக் கோவைகளில் மிக அதிகமாக மிகைப்படுத்தப்படுவது மொழித்திறன்தான். மிக எளிதாக வெளிப்படுவதும் அதுவேதான். நேர்முகக் குழுவில் ஒருவர் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய உண்மைகளையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்கள்.

கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொரு மொழிக்கும் உள்ளபடி எழுதுங்கள். “சிங்களம்: கேட்டு விளங்குவேன், எளிமையாகப் பேசுவேன், எழுதப் பழகவில்லை” என்பது மதிப்பான தகவல்; வாடிக்கையாளரோடு பேச ஆள் தேடும் நிறுவனத்துக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். சாதாரண தரத்தில் இரண்டாம் மொழி சிங்களம் பாடத்தில் சித்தி பெற்றிருந்தால் அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

கடைசி வருசச் சோதனை எழுதிப்போட்டன், ரிசல்ட் வரேல்ல. பட்டதாரி எண்டு எழுதலாமோ?

எழுதக் கூடாது. “இறுதியாண்டுப் பரீட்சைக்குத் தோற்றினேன், பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது” என்று எழுதினால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். அரச வேலைகளில் விண்ணப்ப முடிவுத் திகதியன்று தகைமை பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் கேட்டால், அந்தத் திகதிக்குப் பின்னர் வரும் பெறுபேறு உதவாது. அடுத்த அறிவித்தலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். வெளிவாரிப் பட்டத்தை உள்வாரிப் பட்டம் போலத் தோன்ற எழுதுவதும், சாதாரண சித்தியை வகுப்புச் சித்தியாக எழுதுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் படித்து முடித்ததை மறைக்க வேண்டிய குறையாக எண்ணுபவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதை வெளிப்படையாகவே எழுதுங்கள்.

மாமா கடை வைச்சிருக்கிறார். ரெண்டு வருசம் அங்க வேலை செய்ததா கடிதம் தாறன் எண்டுறார். வாங்கட்டோ?

நீங்கள் அங்கே வேலை செய்யவில்லை என்றால் வாங்காதீர்கள். அன்பினால்தான் மாமா கொடுக்க முன்வருகிறார் என்பது உண்மை; ஆனால் கையெழுத்திட்டவுடன் அவரும் இந்தப் பொய்யில் பங்காளியாகி, யாராவது தொலைபேசியில் விசாரித்தால் மறுபடியும் பொய் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

நடைமுறையிலும் இது நிற்காது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஊழியர் ஒருவரின் சம்பாத்தியத்தில் 8 வீதத்தைப் பிடித்து, தன் பங்காக 12 வீதத்தைச் சேர்த்து, ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎவ்) மாதந்தோறும் செலுத்த வேண்டியது தொழில்தருநரின் கடமை. புதிய நிறுவனம் உங்கள் சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்கும்போது, கடிதத்தில் இருக்கும் இரண்டு வருடமும் அந்த நிதியின் பதிவில் இல்லாமல் இருந்தால் என்ன சொல்வீர்கள்? பாடசாலை விடுமுறையில் அந்தக் கடையில் உண்மையாகவே நின்றிருந்தால், “விடுமுறைக் காலங்களில் உறவினரின் கடையில் உதவினேன்” என்று எழுதுங்கள். அது உண்மை; ஒரு பிள்ளையைப் பற்றி நல்லதையும் சொல்கிறது.

நான் உண்மையா ஆறு வருசம் வேலை செய்தனான். முதலாளி கடிதம் தரமாட்டன் எண்டுறார், ஈபிஎவ்வும் கட்டேல்ல. நானே ஒரு கடிதம் அடிச்சால் பொய்யோ? வேலை செய்தது உண்மைதானே.

இந்தத் தொகுப்பிலேயே என்னை அதிகம் வருத்தும் கேள்வி இது. உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது, தாள் மட்டும் இல்லை. பதிவில்லாமல் ஆட்களை வைத்து வேலை வாங்கிவிட்டு, போகும்போது ஒரு கடிதம்கூடக் கொடுக்க மறுப்பது உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. அதை அநீதி என்றே சொல்கிறேன். அப்படியிருந்தும், அவருடைய கடிதத்தலைப்பில் அவருடைய கையெழுத்தை நீங்கள் போடும்போது, ஆறு வருட உண்மை உழைப்பு ஒரு போலி ஆவணத்தில் தங்கியிருக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. அது வெளிப்பட்டால் உழைப்பையும் சேர்த்தே பொய் என்பார்கள். வேலை செய்தது உண்மையானாலும், அவர் கையெழுத்திட்டார் என்பது பொய்தான்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. சுயவிபரக் கோவையில் கடையின் பெயர், காலம், செய்த வேலை ஆகியவற்றை எழுதி, “எழுத்துமூலச் சான்று வழங்கப்படவில்லை” என்று குறிப்பிடுங்கள். கூட வேலை செய்தவர், சரக்கு கொண்டுவந்த விநியோகஸ்தர், நீண்டகால வாடிக்கையாளர் ஆகியோரில் இருவரிடம் அனுமதி பெற்று, அவர்களின் பெயரைக் கொடுங்கள். சம்பளம் வங்கியில் இடப்பட்டிருந்தால் அந்தக் கணக்குப் புத்தகமும் ஒரு சான்று. சேமலாப நிதி செலுத்தப்படாமை குறித்துத் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்; வேலையை விட்ட பின்னரும் முறையிடலாம்.

கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மேசன் வேலை, மின்னிணைப்பு, மோட்டார் திருத்தம், சமையல் போன்றவற்றைப் பழகிப் பழகியே கற்றவர்களின் திறனை நேரில் மதிப்பிட்டு, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. இதை முன்கற்றலை அங்கீகரித்தல் என்கிறார்கள். நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மூலம் இதற்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பறையில் இருக்காதவர் என்பதற்காக உங்களை ஒதுக்கமாட்டார்கள். செய்து காட்டச் சொல்வார்கள். ஆறு வருடம் உண்மையாகவே செய்தவருக்கு அதில் பயப்பட எதுவும் இல்லை.

இடம்பெயர்வில சேட்டிபிக்கற் எல்லாம் துலைஞ்சு போச்சு. ஆரோ ஒருவரிட்ட இருக்கிறதைப் பார்த்து அதேமாதிரி அடிச்சு எடுத்தால் என்ன?

1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும் வன்னியில் இறுதிப் போரிலும் ஆவணங்களை இழந்தவர்கள் எங்கள் சமூகத்தில் ஏராளம். ஆனால் சான்றிதழ் தொலைந்தாலும் பெறுபேறு தொலைவதில்லை. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்தி மீண்டும் வழங்குகிறது. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒழுங்கு இருக்கிறது. அலைச்சல் உண்டு, காலமும் எடுக்கும். முடிவுத் திகதிக்குள் வந்து சேராவிட்டால், விண்ணப்பித்த பற்றுச்சீட்டை இணைத்து விளக்கக் கடிதம் ஒன்று எழுதுங்கள். மேலே சொன்ன கடிதத்தைப் போலவே, உண்மையான பெறுபேற்றுக்கும் போலித் தாள் போலித் தாள்தான்.

கட்டாருக்கு அனுப்புற ஏஜென்சிக்காரர் அஞ்சு வருச அனுபவம் எண்டு தானே எழுதித் தாறார். நான் எழுதேல்லயே?

கையெழுத்து உங்களுடையது, கடவுச்சீட்டு உங்களுடையது, அங்கே போய் இயந்திரத்தின் முன் நிற்கப்போவதும் நீங்கள்தான். காசை வாங்கியவர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருப்பார். வேலை தெரியாது என்று தெரியவந்தால் ஒப்பந்தத்தில் சொன்ன வேலையைத் தராமல் குறைந்த சம்பளத்துக்கு இறக்கிவிடலாம், திருப்பியும் அனுப்பலாம். நகையை அடகு வைத்தும் வட்டிக்கு எடுத்தும் போனவருக்கு, அந்தக் கடன் ஊரில் அப்படியே இருக்கும். தெரியாத பாரந்தூக்கியை இயக்கி ஒருவர் காயப்பட்டால் அதற்கு விலையே இல்லை.

முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பொய் அனுபவத்தைத் தானாகவே எழுதித் தரும் ஒருவர், சம்பளத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் உங்களுக்குச் சொல்வது மட்டும் உண்மையாக இருக்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

பிடிபட்டால் உண்மையில என்ன நடக்கும்?

அரச விண்ணப்பப் படிவத்தின் முடிவில் ஓர் உறுதியுரை இருக்கும். தந்த தகவல் பொய்யெனத் தெரியவந்தால், நியமனத்துக்கு முன்னர் தகுதியற்றவராக்கப்படவும் நியமனத்துக்குப் பின்னர் பணிநீக்கம் செய்யப்படவும் நீங்கள் உடன்பட்டுக் கையெழுத்திடுகிறீர்கள். பலர் அதை வாசிப்பதே இல்லை. அரச சேவையில் சேர்பவரின் சான்றிதழ்களை உரிய நிறுவனத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்துவது வழமை. இவை தவிர, ஏமாற்றுதல், போலி ஆவணம் தயாரித்தல், போலி எனத் தெரிந்தும் அதை உண்மையானதாகப் பயன்படுத்துதல் ஆகியவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ்க் குற்றங்கள்.

காலம் கடந்தால் மறந்துவிடுவார்கள் என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவர் அனுமதிப் பிரிவின் தலைவராக இருந்த மரிலீ ஜோன்ஸ், 1979 இல் வேலைக்குச் சேரும்போது தன்னிடம் இல்லாத பட்டங்களைக் கூறியிருந்தார். அது 2007 இல் வெளிவந்து பதவி விலகினார். இடைப்பட்ட 28 ஆண்டுகளில் அவர் நன்றாக உழைத்துப் பெயர் பெற்றிருந்தார் என்பதை யாரும் மறுக்கவில்லை. எங்கள் நாட்டில், கலாநிதிப் பட்டம் பற்றி எழுந்த கேள்விகளுக்கு உரிய ஆவணங்களை உடனடியாகக் காட்ட முடியாத நிலையில், சபாநாயகர் அசோக ரன்வல 2024 டிசம்பரில் பதவி விலகினார். பிடிபடுவோமா இல்லையா என்பதை நான் முதற்காரணமாக வைப்பதில்லை. ஆனாலும் கேட்டவருக்குச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

போன வேலையில எவ்வளவு சம்பளம் எண்டு கேட்டால் கூட்டிச் சொல்லலாமோ?

கூட்டிச் சொல்லாதீர்கள், சம்பளப் பட்டியலைக் கேட்டால் அங்கேயே முடிந்துவிடும். “இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. முன்னைய சம்பளத்தைச் சொல்ல விருப்பமில்லை என்றும் மரியாதையாகச் சொல்லலாம்.

‘வெளிநாடு போற யோசினை இருக்கோ’ எண்டு கேக்கினம். அண்ணா கனடாவுக்குக் கூப்பிட அலுவல் பாக்கிறார். என்ன சொல்லுறது?

யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய எல்லா நேர்முகப் பரீட்சையிலும் இந்தக் கேள்வி வருகிறது. பயிற்சி கொடுத்து ஆறு மாதத்தில் ஆளை இழந்த நிறுவனங்களுக்கு அதைக் கேட்க நியாயமான காரணமும் உண்டு. எனவே இதை, அடுத்த விடையில் வரும் கேட்கக் கூடாத கேள்விகளோடு சேர்க்க மாட்டேன்.

மனதில் ஓர் ஆசை இருப்பதற்கும் விசா கையில் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. என்றோ ஒரு நாள் போகலாம் என்ற எண்ணத்தை யாரும் அறிக்கையிடத் தேவையில்லை. “இப்போது உறுதியான ஏற்பாடு எதுவும் இல்லை” என்பது ஆசை மட்டும் உள்ளவருக்கு உண்மையான பதில். பயணம் அடுத்த மாதங்களில் என்று ஏறத்தாழத் தீர்மானமாகியிருக்கும் நிலையில் “இல்லவே இல்லை, இங்கேதான் இருப்பேன்” என்று உறுதி கொடுத்தால், அந்த உறுதியை நம்பி இன்னொருவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படியான நிலையில் குறுகிய கால வேலையைத் தேடுங்கள். அல்லது இருக்கப்போகும் காலத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

என்ர மகளிட்ட ‘எப்ப கலியாணம், பிள்ளை பெறுற யோசினை இருக்கோ’ எண்டு கேட்டிருக்கினம். வேற ஒரு இடத்தில ‘உங்கட ஊர் எந்தப் பக்கம், கோயில் எது’ எண்டு சுத்திச் சுத்திக் கேட்டிருக்கினம். இதுக்கெல்லாம் உண்மை சொல்ல வேணுமோ?

கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது உங்களுக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். ஊரையும் குறிச்சியையும் கோயிலையும் கேட்டுச் சாதியை அளப்பது யாழ்ப்பாணத்தில் இன்னும் நடக்கிறது; நேரடியாகக் கேட்க வெட்கப்படுகிறார்கள் என்பதைத் தவிர வேறு முன்னேற்றம் அதில் இல்லை. இலங்கை அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் காரணமாக அரசு எவருக்கும் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. சாதியின் பேரால் ஒருவர் மீது சமூகக் குறைபாடு விதிப்பதை, அதாவது மற்றவர்களுக்குள்ள வாய்ப்புகளை அவருக்கு மறுப்பதை, 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. வேலையோடு தொடர்பில்லாத இவ்வகைக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை மகளுக்கு இல்லை. “என் முகவரி விண்ணப்பத்தில் இருக்கிறது, வேலை தொடர்பாகக் கேளுங்கள்” என்று சொல்லலாம். “யாழ்ப்பாணம்தான்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

மறுத்தால் வேலை கிடைக்காது என்ற நிலையில் ஒருவர் வேறு ஊரின் பெயரைச் சொல்லிவிட்டால், அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இந்தப் பொய்யால் வரிசையில் நிற்கும் எவருடைய இடமும் பறிபோவதில்லை. திறமையைப் பார்க்காமல் பிறப்பைப் பார்க்கும் ஒருவரின் அநீதி மட்டுமே தடுக்கப்படுகிறது. இருந்தாலும், முடிந்தவரை மறுப்பதையோ மௌனத்தையோ தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன். பொய் சொல்லி உள்ளே போனவர் அதன்பின் ஒவ்வொரு நாளும் தன் ஊரை மறைத்து வாழ வேண்டியிருக்கும். அந்தச் சுமையை அநீதி செய்தவர்கள் அல்லவா சுமக்க வேண்டும்?

நான் புனர்வாழ்வு பெற்று வந்தனான். அந்த ரெண்டு வருசத்துக்கு என்ன எழுதுறது?

போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின்னர், விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள் எனக் கருதப்பட்ட ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் இன்றும் வேலை தேடும்போது இந்த இடைவெளிக்கு முன்னால் திகைத்து நிற்கிறார்கள். சுயவிபரக் கோவையில் ஒவ்வொரு மாதத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. செய்த வேலைகளையும் படித்தவற்றையும் மட்டும் எழுதி, இடைவெளியை இடைவெளியாகவே விடலாம். அங்கே தொழிற்பயிற்சி பெற்றிருந்தால் அதைத் தகைமையாகச் சேர்க்கலாம். கேட்டால், “போரின் காரணமாக அந்தக் காலத்தில் வேலை செய்யவோ படிக்கவோ முடியவில்லை” என்பது முழு உண்மை. அந்த இடத்தில் இல்லாத ஒரு வேலையை இட்டு நிரப்புவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

படிவத்தில் “நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டுள்ளீரா?” என்று கேட்டிருந்தால், கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். எந்த நீதிமன்றமும் உங்களைக் குற்றவாளியாகத் தீர்த்திராவிட்டால் “இல்லை” என்பதே உண்மையான விடை. தடுத்து வைக்கப்பட்டதும் தண்டிக்கப்பட்டதும் ஒன்றல்ல. பயத்தினால் “ஆம்” என்று எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். வழக்கு ஏதாவது நடந்திருந்தால், எழுதும் முன்னர் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள்.

வேலை குடுக்கிறவையும் பொய்தானே சொல்லுகினம்? ‘அறுபதினாயிரம் வரை’ எண்டு போட்டுட்டு முப்பதுதான் தருகினம். அவைக்கு மட்டும் ஏன் உண்மை?

விளம்பரத்தில் ஒன்றும் கையில் இன்னொன்றும் கொடுப்பவர்கள் செய்வது அதே பிழைதான். அதிகாரம் அவர்கள் கையில் இருப்பதால் அதன் கனமும் அதிகம். அதற்கு எதிராக எழுத்தில் நியமனக் கடிதம் கேளுங்கள்; அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் வருவது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்; வேலையை ஏற்கும் முன்னர் அங்கே இருந்து விலகிய ஒருவரிடம் விசாரியுங்கள். முதலாளி பொய்யர் என்று உங்களுக்கு முன்னரே தெரிந்தால், அங்கே விண்ணப்பிக்காமல் இருப்பதுதான் சரியான எதிர்ப்பு. “ஆருக்கு நட்டம்” என்ற கேள்விக்குச் சொன்னது இங்கும் பொருந்தும். முதலாளி பொய் சொன்னார் என்பதற்காக நீங்கள் சொல்லும் பொய், அவரைவிட, உங்கள் பக்கத்தில் நிற்கும் விண்ணப்பதாரரைத்தான் முதலில் தாக்கும்.

வள்ளுவரே நன்மை வருமெண்டால் பொய் சொல்லலாம் எண்டு சொல்லியிருக்கிறாரே, ஐயா?

“பொய்மையும் வாய்மை இடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்” என்ற 292 ஆம் குறளைத்தான் கேட்கிறார்கள். அந்தக் குறள் ஒரு நிபந்தனையோடு வருகிறது: விளையும் நன்மையில் குற்றம் எதுவும் கலந்திருக்கக் கூடாது. உங்களுக்கு வேலை கிடைப்பது உங்கள் வீட்டுக்கு நன்மை. அதே வேலையை இழந்தவரின் வீட்டுக்கு அது தீமை. இன்னொருவரின் இழப்பில் பிறக்கும் நன்மையைக் குற்றமற்றது என்று சொல்ல முடியாது. அந்தக் குறளுக்குப் பொருத்தமான இடம் வேண்டுமானால், மேலே சாதி கேட்டவருக்கு ஊரை மாற்றிச் சொன்னவரை நினைத்துப் பாருங்கள்.

சாட் ஜிபிடி எழுதித் தந்த கடிதத்தை அனுப்பலாமோ?

மொழியைத் திருத்த உதவி பெறுவது, ஆங்கிலம் தெரிந்த அக்கா ஒருவரிடம் திருத்தி வாங்குவதைப் போன்றதே. ஆனால் அந்தக் கருவி நீங்கள் சொல்லாத “தலைமைத்துவ அனுபவத்தை”யும் படிக்காத மென்பொருளையும் தானாகச் சேர்த்துவிடுகிறது. ஒவ்வொரு வரியையும் வாசித்து, முதலாவது விடையில் சொன்ன சோதனையை வையுங்கள். ஆங்கிலக் கடிதம் எழுதுவதே வேலையாக இருந்தால், வேறு எவரும் எழுதித் தந்ததை உங்கள் எழுத்தாக அனுப்பக் கூடாது.

நான் ஏற்கெனவே பொய் எழுதி வேலையில சேர்ந்திட்டன். நல்லாத்தான் வேலை செய்யிறன். இப்ப என்ன செய்யிறது?

முதலில், எழுதியது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். மென்பொருள் ஒன்றைத் தெரியும் என்று எழுதி, சேர்ந்த பின்னர் இரவு பகலாகக் கற்றுத் தேர்ந்துவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை சுயவிபரக் கோவையைப் புதுப்பிக்கும்போது பொய்யான வரியை நீக்கிவிடுங்கள். அதன் பலத்தில் பதவி உயர்வு கேட்காதீர்கள். உங்கள் அறியாமையால் யாருக்காவது ஆபத்து நேரக்கூடிய வேலையாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அந்தப் பணியிலிருந்து உங்களை மாற்றும்படி இன்றே கேளுங்கள், பயிற்சி பெறும்வரை அதைத் தொடாதீர்கள்.

போலிச் சான்றிதழ் கொடுத்திருந்தால் விடை கடினமானது. நீங்களே போய்ச் சொன்னால் வேலை போகலாம். சட்டச் சிக்கலும் வரலாம். எனவே முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். குடும்பம் உங்கள் சம்பளத்தில் தங்கியிருப்பதையும் நான் மறக்கவில்லை. அப்படியிருந்தும், அந்தத் தகைமையை உண்மையாகப் பெற முயல்வதும், அது தேவைப்படாத வேறு வேலைக்கு நேர்மையாக விண்ணப்பித்து மாறுவதும், தெரிந்துகொண்டே அப்படியே இருப்பதைவிட நல்லது என்று நினைக்கிறேன்.

எங்கட நிறுவன நேர்முகக் குழுவில நான் இருக்கிறன். வந்த பெடியன் எங்கட ஊர். அவன் எழுதினது பொய் எண்டு எனக்குத் தெரியும். சொல்ல வேணுமோ?

முதலில், அவரை உங்களுக்குத் தெரியும் என்பதைக் குழுவுக்குச் சொல்லுங்கள். உறவினராகவோ பகை உள்ள குடும்பத்தவராகவோ இருந்தால் அவருடைய மதிப்பீட்டிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். அடுத்து, உங்களுக்குத் தெரிந்தது நேரில் கண்டதா, ஊர்க்கதையா என்று உங்களையே கேளுங்கள். ஊர்க்கதையை அறைக்குள் கொண்டுவரக் கூடாது.

நேரில் கண்டதாக இருந்தால், அந்த வரியைப் பற்றி அவரிடமே நிதானமாகக் கேளுங்கள்: “இந்தக் காலத்தில் எங்கே, யாருக்குக் கீழே வேலை செய்தீர்கள்?” திருத்திச் சொல்ல அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும், திருத்திக்கொண்டால் அதையும் குழு கணக்கில் எடுக்க வேண்டும். அவர் பொய்யிலேயே நின்றால், நீங்கள் அறிந்ததைக் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள், ஊரில் போய்ச் சொல்லாதீர்கள். அதன் பின்னர் சான்றிதழ்களையும் அனுபவக் கடிதங்களையும் உரிய இடங்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கும்படி கேளுங்கள். அவருடையதை மட்டுமன்றி, தெரிவுப் பட்டியலில் உள்ள எல்லோருடையதையும்.